சொட்டு நின்ற பம்பு

அன்று காலை பம்புக் கொட்டகையின் தரை காய்ந்து கிடந்தது.

நான் ஃபிட்டராக இருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் அந்தத் தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. நம்பர் டூ பம்புக்குக் கீழே எப்போதும் ஓர் ஈரத் தடம் இருக்கும். பாசி பிடித்து, வழவழவென்று சாக்கடை வரைக்கும் போகும். அதில் வழுக்கி விழாதவர் எங்கள் ஆலையில் கிடையாது. மேனேஜரே ஒரு முறை விழுந்து, எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். நான் போய் நிற்கிறேன், சிமெண்டுத் தரை வெளுத்துத் தெரிகிறது. பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பூஜைக்கு அடித்த வெள்ளிப் பெயின்ட் பளபளக்கிறது. அதன் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் சூட்டில் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

“சாமி கண்ணத் தொறந்துட்டாரு மாப்ள,” என்றேன்.

பக்கத்தில் நின்றவர் செல்லையா. என் தங்கை மாலாவின் கணவர். அந்தக் கொட்டகைக்கு அவர்தான் ஆப்பரேட்டர். தினமும் காலை ஏழு மணிக்குப் பம்பைச் சுற்றி வந்து, சோதனைத் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டியது அவர் வேலை. சூடு, சத்தம், மீட்டர், ஒழுக்கு. ஒழுக்கு என்ற கட்டத்தில் பல வருடமாக அவர் ‘உண்டு’ என்றே எழுதி வந்தார். அன்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

“அப்ப ‘இல்ல’ன்னு எழுதவா மச்சான்?”

“எழுதுங்க. தெம்பா எழுதுங்க.”

அவர் எழுதினார். சில வாரம் கழித்து அதே பம்பு உடைந்து அவருடைய வலது கண் போயிற்று. அதற்கு யார் காரணம் என்று ஆலையின் அறிக்கையில் எழுதியிருப்பது பொய். அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்தவன் நான். நாலு தீபாவளி போய்விட்டது. அத்தனை நாளும் செல்லையாவிடம் நான் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகைத் தொடரில் கேன்டீன் மிளகாய்ச் சம்பல் பற்றியும் மேனேஜரின் நாய் பற்றியும் எழுதிக்கொண்டே போனதெல்லாம், இதை எழுதாமல் தள்ளிப் போடுவதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கடிதம் போட்டவருக்கு

எழுத வைத்தது ஒரு வாசகர். கலும்பாங் பக்கம் ஓர் உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாராம். பொட்டலத்திலிருந்து காற்றை உறிஞ்சி மூடுகிற இயந்திரம் அவர் பொறுப்பில் இருக்கிறது. ‘ஐயா, வேக்குவம் பம்பை இனிமேல் ரிப்பேர் செய்யக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் அனுபவஸ்தர்,’ என்று கேட்டிருந்தார். அனுபவஸ்தர் என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பழத்திலிருந்து பிழிந்த செம்பனை எண்ணெயில் ஈரம் இருக்கும். ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் சூடான எண்ணெயைப் பெரிய இரும்புத் தொட்டிக்குள் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். காற்று குறைந்ததும் எண்ணெயில் உள்ள தண்ணீர் ஆவியாகப் பிரிந்துவிடும். அந்தக் காற்றையும் ஆவியையும் உறிஞ்சுவதுதான் வேக்குவம் பம்பு. எங்களுடையது தண்ணீரை உள்ளே சுழற்றி வேலை செய்கிற வகை.

பம்பு சோர்ந்துபோவதை முதலில் கண்டுபிடிப்பது ஃபிட்டர் அல்ல, லேப். எண்ணெயில் ஈரம் கூடியிருக்கிறது என்று அங்கிருந்து ஆள் வரும். அதற்கும் அசையாமல் இருந்தால் கிள்ளான் துறைமுகத்துக்குப் போன டேங்கர் லோரி எண்ணெயோடு திரும்பி வரும். எங்களுக்கு அப்படி இரண்டு முறை வந்திருக்கிறது.

பிறகு சத்தம். உள்ளே யாரோ கல்லைப் போட்டு அரைப்பது போலக் கேட்டால் தண்ணீர் சூடேறிவிட்டது அல்லது குறைந்துவிட்டது. அது ரிப்பேர்தான், பயப்பட வேண்டாம். குழாயில் அடைத்திருக்கும் உப்பைச் சுரண்டினால் சரியாகிவிடும். பேரிங் சத்தம் வேறு. அது சீராகக் கிறீச்சிடும். பேரிங்கையும் மாற்றலாம். ஆனால் உள்ளே சுற்றுகிற சக்கரமும் சுவரும் தேய்ந்து, இடையில் இடைவெளி விழுந்துவிட்டால், மோட்டார் எவ்வளவு கரண்ட் தின்றாலும் மீட்டர் முள் ஏறாது. அது மாற்ற வேண்டிய நேரம்.

இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை எனக்குச் சொன்னது எங்கள் ஆலைக்கு வந்த இன்ஜினியர் கவிதா. “அங்கிள், போன ரிப்பேருக்கும் இந்த ரிப்பேருக்கும் நடுவுல எத்தன மாசம்னு மட்டும் பாருங்க. அது சுருங்கிக்கிட்டே வந்தா பம்பு போயிருச்சு. வேற எதுவும் பாக்க வேணாம்.”

அவ்வளவு எளிதான கணக்கு. அந்தக் கணக்கைப் போடவே முடியாதபடி நான் செய்து வைத்திருந்தேன். சின்ன வேலைகளை நான் ரிப்பேர்ப் புத்தகத்தில் எழுதுவதில்லை. பெக்கிங் கயிறு மாற்றினேன், நட்டு இறுக்கினேன், கிரீஸ் வைத்தேன், இதையெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்பேன். ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை செய்த வேலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்துகொண்டிருந்தேன். புத்தகத்தில் நம்பர் டூ நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

கண்டம்

நம்பர் டூ என்றால் நம்பர் ஒன் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு பம்பும் ஒன்றாகத்தான் வந்தன. நம்பர் ஒன் முதலில் விழுந்தது. கண்டம், அதாவது இனி உதவாது, என்று எழுதி ஓரமாகப் போட்டார்கள். அதன் உறுப்பு ஒவ்வொன்றாகக் கழற்றி நம்பர் டூவுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கொட்டகை மூலையில் அதன் வெறும் ஓடு மட்டும் கிடந்தது. நம்பர் டூ நின்றால் ஓடுவதற்கு வேறு பம்பு இல்லை.

கண்டம் என்ற சொல் எனக்கு ஆகாது. கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவுக்கு மரத்தில் பால்வெட்டுகிற வேலை. ஒரு மழை நாளில் சரிவில் விழுந்து இடுப்பு போனது. மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனபோது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவர் பெயரைப் பால்வெட்டு வரிசையில் கூப்பிடவில்லை. புல் வெட்டுகிற வரிசையில் கூப்பிட்டார். அப்பா போய் நின்றார். அன்றிலிருந்து தொழிலாளர் லயத்தில் யாரிடமும் அவர் அதிகம் பேசியதில்லை.

இதைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அது இவ்வளவு கௌரவமானது அல்ல. புதுப் பம்பு வந்தால் அதை விற்றவர்களே ஆள் அனுப்பிப் பராமரிப்பார்கள். பக்கத்து ஆலையில் அப்படித்தான் நடந்தது. அங்கே இருந்த ஃபிட்டருக்கு மண்வாரி இயந்திரத்துக்குக் கிரீஸ் அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்று வருடமும் நம்பர் டூ ஓட வேண்டும், அவ்வளவுதான் என் அக்கறை.

வெள்ளிப் பெயின்ட்

எங்கள் ஆலையில் ஆயுத பூஜை சும்மா நடக்காது. எண்ணெய்த் தொட்டிக்கு அடித்து மிச்சமாகும் வெள்ளிப் பெயின்டை வருடம் முழுக்கச் சேர்த்து வைப்போம். பூஜை அன்று மதியத்தோடு ஆலையை நிறுத்துவார்கள். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவோம். மலாய்க்கார சூப்பர்வைசர்களும் வங்காளதேசப் பையன்களும் சுண்டலுக்கும் வடைக்கும் முதல் வரிசையில் நிற்பார்கள். போர்க்லிப்டுக்கு மாலை போடுவது யார் என்று வருடா வருடம் சண்டை வரும்.

நம்பர் டூவுக்கு நான்தான் பெயின்ட் அடிப்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பம்பின் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் பெக்கிங் கயிறு சுற்றியிருக்கும். தண்டு சூடாகாமல் இருக்க அந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டுகிற தண்ணீர் கீழே ஒரு சிறிய குழிக்குள் விழும். குழியின் அடியில் சுண்டுவிரல் நுழையாத ஓர் ஓட்டை. அது வழியாகத் தண்ணீர் தரைக்குப் போய்விடும். குழிக்கு அந்தப் பக்கம் பேரிங். ஓட்டை அடைபட்டால் குழி நிறைந்து, தண்ணீர் பேரிங்குக்குள் போகும். குழிக்கு மேலே தகட்டு மூடி இருப்பதால் அது நிறைவது வெளியே தெரியாது.

பம்பை நிறுத்திய பிறகும் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஈரத்தின் மேல் பெயின்ட் ஒட்டாது. நான் என் பழைய கட்டம் போட்ட கைலியைத் துடைப்பதற்காகக் கிழித்து வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டைத் திரித்து ஓட்டைக்குள் செருகினேன். பெயின்ட் காய்ந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் செருகினேன். அதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவசரமாக மிச்சத்தையும் அடித்தேன். துணியின் நுனி மேலேயும் பெயின்ட் போயிற்று. கைகழுவிவிட்டுப் போய்ச் சாமி கும்பிட்டேன்.

மறுநாள் தரை காய்ந்து கிடந்தது. ஒரு ஃபிட்டர் அதைப் பார்த்ததும் பதறியிருக்க வேண்டும். சொட்டாத பெக்கிங் எரியும் என்று ஆலையில் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் காய்ந்த தரை தேவையாக இருந்தது.

ஏனென்றால் கவிதா, நம்பர் டூவை மாற்ற வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதியிருந்தார். நான் இரண்டு பேரையும் கையோடு கூட்டிவந்து காட்டினேன்.

“பாத்துக்குங்க மிஸ். ஒழுகுது ஒழுகுதுன்னீங்க. நின்னுருச்சு. இதப் போயி கண்டம் பண்ணச் சொல்றீங்களே.”

மேனேஜர் தரையைப் பார்த்துச் சிரித்தார். தான் விழுந்த இடம் அவருக்கு நினைவு வந்திருக்கும். கவிதா சிரிக்கவில்லை.

“அங்கிள், கொஞ்சம் சொட்டணும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க?”

“புதுக் கயிறு போட்டு டைட்டா வச்சிருக்கேன் லா. ரெண்டு நாள்ல தானா சொட்டும்,” என்றேன்.

புதுக் கயிறெல்லாம் போடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மேனேஜர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அந்தக் கடிதத்தை ஓரம் வைத்தார். கவிதாவை அந்த வாரமே இன்னோர் ஆலைக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். இரண்டு நாளில் சொட்டவில்லை. இரண்டு வாரத்திலும் சொட்டவில்லை. தினமும் நான் அந்தப் பக்கம் போனேன், தினமும் செல்லையா குனிந்து பார்த்து ‘இல்லை’ என்று எழுதினார். நான் எதுவும் கேட்கவில்லை. அந்தத் துணி எனக்கு நினைவு வரவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கெஞ்சமாட்டேன். நம்பினாலும் என் குற்றம் குறையப் போவதில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம்

பழம் குவிந்து கிடந்த நாட்கள். ஆலை நிற்காமல் ஓடியது. அன்று முற்பகல் பட்டறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓர் ஊளைச் சத்தம். அடுத்து டமார் என்று ஒன்று. கோப்பிக் குவளையை எங்கே வைத்தேன் என்று தெரியாது, ஓடினேன்.

பேரிங் துருப்பிடித்து நொறுங்கி, தண்டு சாய்ந்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்பளிங் சிதறியிருந்தது. சத்தம் மாறுகிறதே என்று பம்பை நிறுத்தப் போயிருக்கிறார் செல்லையா. சுவிட்சு பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கப்பளிங் மூடியின் இடுக்கு வழியாக ஓர் இரும்புச் சில் வந்து கண்ணில் பாய்ந்தது. நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து கையால் முகத்தைப் பொத்தியிருந்தார். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“சுவிட்ச அமுக்கிட்டேனா மச்சான்?” என்று கேட்டார்.

“அமுக்கிட்டீங்க மாப்ள.”

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாலா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. பழைய பம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினோமே என்ற வருத்தம்தான் இருந்தது. அது தாங்கக்கூடிய வருத்தம்.

மறுநாள் பம்பைக் கழற்றினேன். தகட்டு மூடியை எடுத்ததும் குழியில் துருத் தண்ணீர் நிறைந்து நின்றது. பேரிங்கில் கிரீஸ் பாலாகத் திரிந்திருந்தது. ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குத்தினேன். வெள்ளிப் பெயின்ட் பொருக்கோடு துணி வெளியே வந்தது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது.

அப்போது கொட்டகையில் நான் மட்டும்தான் இருந்தேன். துணியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போய் பாய்லர் அடுப்புக்குள் எறிந்தேன். எரிகிறதா என்று நின்று பார்த்தேன்.

விசாரணை

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். செல்லையாவைக் கண்ணில் கட்டோடு ஒரு நாள் வரவழைத்துக் கேட்டார்கள். நான் போனது அதற்கு அடுத்த நாள்.

அதிகாரியின் மேசையில் சோதனைத் தாள்கள் வரிசையாக இருந்தன. ஒழுக்கு என்ற கட்டத்தில் பூஜை அன்று காலை வரை ‘உண்டு’. அதன் பிறகு கடைசி நாள் வரை ‘இல்லை’. எல்லாம் செல்லையாவின் குண்டு குண்டான எழுத்து.

“இத்தனை வருடம் ஒழுகிய பம்பு ஒரே நாளில் நின்றுவிடுமா? ஆள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருக்கிறார். நீங்கள் ஃபிட்டர், நீங்கள் சொல்லுங்கள்,” என்று மலாயில் கேட்டார்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வழி இருந்தது. சொட்டவில்லைதான், நானும் பார்த்தேன் என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் சொட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் பாய்லருக்குள் போயிருந்தது.

“பெயின்ட் அடித்த புதிதில் இரண்டு நாள் காய்ந்திருக்கும், துவான். அதற்கப்புறம் ஒழுகாமல் இருக்காது. பழைய பம்பு,” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அறிக்கையில் இரண்டு காரணம் வந்தது. இயந்திரத்தின் வயது. ஆப்பரேட்டர் பம்பைப் பார்க்காமலே சோதனைத் தாளை எழுதியது. செல்லையாவுக்கு ஒரு நகல் வீட்டுக்கே போயிற்று. அப்படிச் சாட்சி சொன்னது யார் என்று அதில் இல்லை.

பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது. புதுப் பம்பு வந்தது. அதைப் பராமரிக்க ஆளும் வந்தான். நான் பயந்ததெல்லாம் நடந்தது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லாமல் போனதுதான் வேடிக்கை. மிச்ச நாளைக் கிரீஸ் அடித்துக் கழித்தேன். பிரிவுபசார விழாவில் மாலை போட்டு, நாற்பது வருடத்தில் ஓர் இயந்திரத்தையும் கைவிடாதவர் என்று பேசினார்கள். செல்லையா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

புக்கிட் செந்தோசா

செல்லையாவும் மாலாவும் இப்போது புக்கிட் செந்தோசாவில் இருக்கிறார்கள். அவர் ஒரு பள்ளியில் பகல் காவலாளி. அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடம் சொல்லாமல் இதை ஆசிரியரிடம் கொடுக்கக் கூடாது என்று போன சனிக்கிழமை கிளம்பிப் போனேன். பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். மாலா, “பசியாறிட்டியா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுச் சொல்வது இன்னும் கேவலம் என்று பட்டது. சோபாவில் உட்கார்ந்ததுமே சொன்னேன். கைலித் துணியிலிருந்து கையெழுத்து வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். மாலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சமையலறை வாசற்படியில் நின்று கேட்டாள்.

செல்லையா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் பாத்துருக்கேன்,” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மொத நாள் பாத்தது ஞாபகம் இருக்கு மச்சான். நீங்ககூட பக்கத்துல நின்னீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் குனிஞ்சு பாத்தனா, இல்ல பழக்கத்துல எழுதிட்டனான்னு எனக்கே தெரியாமப் போச்சு. அவ்ளோ பெரிய ஆபீசர் எழுதியிருக்காரே, தப்பாவா இருக்கும்னு நெனச்சேன். படுத்தா அதான் ஓடும். பாத்தனா, பாக்கலயான்னு.”

“பாத்தீங்க மாப்ள. நான் தெனமும் கண்ணால கண்டேன்.”

“நீங்களும் பாத்தீங்கன்னு அந்தாளுகிட்ட நான் சொல்லல. ரிட்டையர் ஆகப் போறவர எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன்.”

தலை குனிந்தேன். அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

மாலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“சண்ட வந்தாலே நான் இவர அதச் சொல்லித்தான் குத்துவேன். வேலைய ஒழுங்காப் பாத்திருந்தா ஒனக்குக் கண்ணு இருந்திருக்கும்னு. புள்ளைங்க முன்னாடியே சொல்லியிருக்கேன். சின்னவன்கூட ஒரு நாள் அப்பாவப் பாத்து அதச் சொல்லிட்டான். நான் அவன அடிக்கல. நீ அந்தப் பக்கமா ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்த.”

“மாலா...”

“இன்னிக்கி வந்து எறக்கி வச்சிட்ட. ஒனக்கு லேசாயிடுச்சு. நான் சொன்னத நான் எங்க போயி எறக்குவேன்? நீ போ அண்ணே. இனிமே வராத.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் எதையும் நான் மறுக்க முடியாது. எனக்கு லேசாகத்தான் ஆகும் என்று நினைத்துப் போனேன். அப்படியும் ஆகவில்லை.

செல்லையா கேட் வரைக்கும் வந்தார். நான் அவருடைய வலது பக்கம் நடந்ததால் என்னைப் பார்ப்பதற்கு அவர் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் பத்திரிகையில் வரப் போகிறது, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

“நிறுத்தாதீங்க. வரட்டும்,” என்றார். “எம் பேரப் போடுங்க. மத்தத நீங்க எப்படி வேணா எழுதிக்குங்க. நான் பாத்துட்டுதான் எழுதுனேன்னு மட்டும் தெளிவாப் போடுங்க. சின்னவன் படிக்கணும்.”

தம்பி, உன் அப்பா செல்லையா தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் பம்புக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஒரு நாளும் தவறவில்லை. தரை காய்ந்துதான் கிடந்தது. அவர் எழுதியது அத்தனையும் உண்மை.